கட்சி குடும்பமான கதை: அமெரிக்க அரசியற் சண்டையும் ‘முஸ்லிம்’ என்ற சொல்லும்

உங்கள் மகனோ மகளோ மற்றக் கட்சிக்காரரின் வீட்டில் கலியாணம் முடித்தால் உங்களுக்கு மனவருத்தமாக இருக்குமா?

1960 ஆம் ஆண்டு அமெரிக்கர்களிடம் இப்படியொரு கேள்வி கேட்கப்பட்டது. குடியரசுக் கட்சிக்காரர்களில் 5 வீதத்தினரும் ஜனநாயகக் கட்சிக்காரர்களில் 4 வீதத்தினரும் மாத்திரமே வருத்தப்படுவோம் என்றார்கள். மற்றவர்களுக்கு அது ஒரு கதையே இல்லை. மாப்பிள்ளைக்கு என்ன தொழில், எந்தத் தேவாலயத்துக்குப் போகிறான், என்ன நிறம் என்பவைதான் அந்தக் காலத்து அமெரிக்கத் தகப்பனின் கவலை. ஐம்பது வருடம் கழித்து 2010 இல் அதே மாதிரியான கேள்வியைத் திரும்பக் கேட்டபோது குடியரசுக் கட்சிக்காரர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேரும் ஜனநாயகக் கட்சிக்காரர்களில் மூன்றிலொரு பங்கினரும் வருத்தம் என்றார்கள்.

அமெரிக்க அரசியலைப் பற்றி அமெரிக்கர்கள் தமக்குள் பிடிக்கும் சண்டை இன்று கைத்தொலைபேசி வழியாக நம்மட வீடுகளுக்குள்ளும் வந்து விழுகிறது. வரி, வைத்தியச் செலவு, கருக்கலைப்பு, துப்பாக்கி, குடியேற்றம் என்று தலைப்பு மாறிக்கொண்டே இருக்கும். வசைமொழி மட்டும் மாறாது. இதை விளங்கிக்கொள்ள அந்தக் கலியாணக் கேள்வியை விட நல்ல வாசல் இல்லை என்பது என் எண்ணம். அங்கே கட்சி என்பது ஒரு கருத்தாக இருந்த நிலைமை போய், குடும்பம், குலம் என்ற அளவுக்கு வந்துவிட்டது. குலச்சண்டையில் யார் சொன்னது சரி என்று எவரும் பார்ப்பதில்லை. யாருடைய ஆள் என்றுதான் பார்ப்பார்கள்.

அந்தக் காலத்தில் எல்லோரும் மரியாதையாகக் கதைத்தார்கள், இப்போதுதான் கெட்டுப்போனது என்று சொல்வாருண்டு. அது சரியில்லை. 1804 இல், பதவியிலிருந்த உப ஜனாதிபதி ஆரன் பர், அரசியற் பகையாளியான அலெக்சாண்டர் ஹமில்டனைத் துப்பாக்கிச் சமரில் சுட்டுக் கொன்றார். 1856 இல் அடிமை முறையைக் கண்டித்துப் பேசிய செனட்டர் சார்ள்ஸ் சம்னரை, தெற்கைச் சேர்ந்த பிரெஸ்டன் புரூக்ஸ் என்ற உறுப்பினர் செனட் மண்டபத்துக்குள்ளேயே வைத்து, கைத்தடி முறியும்வரை அடித்தார். தென்பகுதி ஆதரவாளர்கள் புரூக்ஸுக்குப் புதிய கைத்தடிகளைப் பரிசாக அனுப்பி வைத்தார்கள். இன்று ஒரு வசைப் பேச்சுக்கு ஆயிரக்கணக்கில் ‘லைக்’ விழுகிறதல்லவா, அதன் மூத்த வாப்பா இந்தக் கைத்தடிதான்.

ஆனால் இடையில் ஒரு காலம் வித்தியாசமாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரண்டு கட்சிகளும் கலவைச் சோறு மாதிரிக் கிடந்தன. ஜனநாயகக் கட்சிக்குள் வடக்கின் தொழிற்சங்கக்காரரும் இருந்தார்கள், தெற்கின் நிறவெறிப் பிரபுக்களும் இருந்தார்கள். குடியரசுக் கட்சிக்குள் பழைமைவாதிகளும், நியூயோர்க் பக்கத்துத் தாராளவாதிகளும் ஒரே மேசையில் இருந்தார்கள். 1950 இல் அமெரிக்க அரசறிவியற் சங்கத்தின் குழுவொன்று அறிக்கை வெளியிட்டு முறைப்பட்டது என்ன தெரியுமா? இரண்டு கட்சிக்கும் போதிய வித்தியாசம் இல்லை, வாக்காளருக்குத் தெளிவான தெரிவு கிடைக்கவில்லை என்பதுதான். கேட்டதை அல்லாஹ் கொடுத்துவிட்டான் என்று சிரிக்கத் தோன்றுகிறது.

அந்தக் கலவை பிரியத் தொடங்கியதற்கு ஒரு திகதி சொல்லச் சொன்னால் 1964 என்பேன். அந்த வருடம் நிறப்பாகுபாட்டுக்கு எதிரான குடியுரிமைச் சட்டம் செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. தெற்கின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் வாக்கெடுப்பே நடக்கவிடாமல் வாரக்கணக்கில் பேசிப் பேசி இழுத்தடித்தார்கள். கடைசியில் வாக்கெடுத்தபோது ஜனநாயகக் கட்சியின் 67 பேரில் 46 பேர் ஆதரவு, 21 பேர் எதிர்ப்பு. குடியரசுக் கட்சியின் 33 பேரில் 27 பேர் ஆதரவு, 6 பேர் மட்டுமே எதிர்ப்பு. இன்றைய நிலைமையை மட்டும் தெரிந்தவருக்கு இந்தக் கணக்குத் தலைகீழாகத் தெரியும். சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி ஜோன்சன். அதே வருடம் அவரை எதிர்த்துப் போட்டியிட்ட குடியரசுக் கட்சி வேட்பாளர் பெரி கோல்ட்வோட்டர், எதிர்த்து வாக்களித்த அந்த ஆறு பேரில் ஒருவர்.

அதிலிருந்து ஆக்கள் இடம்மாறத் தொடங்கினார்கள். தென் கரோலைனாவின் ஸ்ட்ரோம் தர்மண்ட் 1964 செப்டம்பரிலேயே கட்சி மாறினார். தெற்கின் வெள்ளையர்கள் முப்பது வருடத்தில் மெல்ல மெல்லக் குடியரசுக் கட்சிக்குப் போனார்கள். வடகிழக்கின் தாராளவாதிகள் மறுபக்கம் வந்தார்கள். 1994 இல் குடியரசுக் கட்சி நாற்பது வருடத்துக்குப் பிறகு பிரதிநிதிகள் சபையைக் கைப்பற்றியபோது இந்தப் பிரிப்பு பெரும்பாலும் முடிந்திருந்தது. இதற்குப் பிறகு ஓர் அமெரிக்கரின் கட்சியைக் கேட்டால், அவர் நகரத்துக்காரரா கிராமத்துக்காரரா, ஞாயிறில் தேவாலயம் போகிறவரா, என்ன இனம் என்பதெல்லாம் ஓரளவுக்கு ஊகிக்கலாம் என்றாகிவிட்டது. முன்பு கட்சியில் முரண்பட்ட இருவர் தேவாலயத்திலோ தொழிற்சங்கத்திலோ ஒன்றாக இருப்பார்கள். அந்தக் குறுக்குக் கயிறுகள் அறுந்துபோயின.

கட்சிகளுக்கு நிரந்தர நிறம் வந்ததும் பிந்தித்தான். 1980 இல் ரீகன் வென்ற மாநிலங்களை என்பிசி தொலைக்காட்சி நீலத்தில் காட்டியது. குடியரசுக் கட்சிக்குச் சிவப்பு, ஜனநாயகக் கட்சிக்கு நீலம் என்று நிலைத்தது 2000 ஆம் ஆண்டுத் தேர்தலோடுதான். பச்சை, நீலம் என்று பரம்பரை பரம்பரையாகப் பிரிந்து கொழுவிய நமக்கு இது விளங்காத சங்கதி இல்லை.

இனி வாய்க்கு வருவோம். 1949 முதல் அமெரிக்க வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்கு ஒரு விதி இருந்தது. சர்ச்சையான விடயமொன்றை ஒலிபரப்பினால் மறுபக்கத்தாரின் கருத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும். 1987 இல் அந்த விதி கைவிடப்பட்டது. அடுத்த வருடமே றஷ் லிம்போ என்ற வானொலிப் பேச்சாளர் நாடு முழுவதற்கும் ஒலிபரப்பத் தொடங்கினார். ஒவ்வொரு நாளும் மூன்று மணித்தியாலம் ஒரு பக்கத்தின் கதை மட்டும். வயலில் உழவு இயந்திரம் ஓட்டுபவரும் லொறி ஓட்டுபவரும் அதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்தார்கள். 1996 இல் எம்எஸ்என்பிசி, பொக்ஸ் நியூஸ் ஆகிய செய்தி அலைவரிசைகள் வந்தன. பழைய விதி நீக்கப்பட்டதால்தான் பொக்ஸ் நியூஸ் வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது பிழை. அந்த விதி கம்பிவழித் தொலைக்காட்சிக்கு எப்போதுமே பொருந்தியிருக்கவில்லை. வானொலிக்குத்தான் அது பெரிய மாற்றம்.

1990 இல் நியூட் கிங்ரிச்சின் தலைமையில் இயங்கிய கோபெக் என்ற குடியரசுக் கட்சிப் பயிற்சி அமைப்பு தன் வேட்பாளர்களுக்கு ஒரு சொற்பட்டியலை அனுப்பியது. உங்களைப் பற்றிப் பேசும்போது குடும்பம், துணிவு, பிள்ளைகள் போன்ற சொற்களைப் பாவியுங்கள். எதிராளியைப் பற்றிப் பேசும்போது துரோகி, ஊழல், நோய், பரிதாபம், அழிவு என்பவற்றைப் பாவியுங்கள். எதிராளியின் வரிக்கொள்கை பிழை என்று சொல்வதற்கும் எதிராளி ஒரு நோய் என்று சொல்வதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். கொள்கை பிழையென்றால் கணக்கைக் காட்டி வாதிக்கலாம். நோய் என்றால் வாதிக்க என்ன இருக்கிறது? மறுபக்கத்தாரும் இந்தப் பாடத்தைச் சீக்கிரம் படித்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சமூக ஊடகம் வந்தபோது எரியும் அடுப்புக்கு விசிறி கிடைத்தது. 2021 இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்கச் செய்தி நிறுவனங்களும் காங்கிரஸ் உறுப்பினர்களும் இட்ட இருபத்தேழு இலட்சம் அளவான பதிவுகளைப் பார்த்தது. எதிர்க்கட்சியைக் குறிக்கும் சொல் ஒன்று கூடும் ஒவ்வொரு முறையும் அந்தப் பதிவு பகிரப்படும் வாய்ப்பு 67 வீதம் கூடியது. தன் கட்சியைப் புகழ்ந்தால் இந்த அளவு ஓடாது. மற்றவனை ஏசினால்தான் ஓடும்.

இதற்கு மருந்தாக, மறுபக்கத்தாரின் கருத்தையும் வாசிக்கச் செய்தால் சூடு தணியும் என்று நினைக்கத் தோன்றும். 2018 இல் வெளியான இன்னோர் ஆய்வில் அதைச் செய்தே பார்த்தார்கள். டுவிட்டர் பாவிப்போரில் ஒரு தொகுதியினரை ஒரு மாதத்துக்கு எதிர்த்தரப்புக் கருத்துகளைப் பார்க்க வைத்தார்கள். குடியரசுக் கட்சிக்காரர்கள் முன்னையதை விடக் கூடுதல் பழைமைவாதிகளானார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்களிடமும் தணிவு எதுவும் தெரியவில்லை. எதிராளியின் குரல் தெருவில் நின்று கத்துவது போலக் கேட்டால் மனிதன் கதவைத் திறப்பதில்லை, தாழ்ப்பாளைப் போடுகிறான்.

பொய்யைத் தெரிந்துகொண்டே சொல்வதும் இந்தச் சண்டையில் ஒரு பகுதி. ஒரு கட்சி ஆட்சியில் வேலையில்லாத் திண்டாட்டம் கூடியதா குறைந்ததா என்பது போன்ற கேள்விகளுக்கு இரண்டு கட்சிக்காரரும் இரண்டு விதமாகப் பதில் சொல்வார்கள். 2015 இல் வெளியான ஆய்வொன்றில், சரியான பதிலுக்குச் சிறுதொகைப் பணம் தருவோம் என்றார்கள். இரு தரப்புப் பதில்களுக்கும் இடையிலிருந்த வித்தியாசம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது! அதாவது பலருக்கு உண்மை தெரியும். சும்மா கேட்டால் கட்சிக்காகக் கைதட்டுகிறார்கள். “நம்மட ஆள் சொன்னா சரி, அவங்கட ஆள் சொன்னா பொய்” என்பது ஒரு வகை விசுவாசப் பிரமாணம்.

தெரியாமையும் இருக்கிறதுதான். குடியரசுக் கட்சிக்காரரில் எத்தனை வீதத்தினர் வருடத்துக்கு இரண்டரை இலட்சம் டொலருக்கு மேல் உழைக்கிறார்கள் என்று கேட்டதற்கு அமெரிக்கர்கள் சொன்ன சராசரிப் பதில் 38. உண்மையில் 2 வீதம். எதிராளியைச் சந்திக்காமல் எதிராளியின் கேலிச்சித்திரத்தோடு சண்டை பிடிக்கிறார்கள்.

முஸ்லிம் வாசகர் இதைத் தூரத்து வேடிக்கையாகப் பார்த்துவிட்டுப் போக முடியாமலிருப்பதற்குக் காரணம், அந்தச் சண்டையில் எறியப்படும் கற்களில் ‘முஸ்லிம்’ என்ற சொல்லும் ஒன்று. அது இன்று நேற்று எடுத்த கல் அல்ல.

1788 இல் அமெரிக்க அரசியலமைப்பை ஏற்பதா என்று வட கரோலைனாவில் மாநாடு கூடியது. பதவிக்கு வருவோருக்கு மதச் சோதனை கூடாது என்ற வாசகம் சிலரைக் கலக்கியது. அப்படியானால் நானூறு ஐந்நூறு வருடத்தில் ஒரு கத்தோலிக்கரோ ஒரு முகம்மதியரோ ஜனாதிபதிக் கதிரையில் அமர்ந்துவிடலாமே என்று ஓர் உறுப்பினர் எச்சரித்தார். அங்கிருந்தவர்களுக்கு முஸ்லிம் என்பது ஒரு கற்பனைப் பாத்திரம். ஆனால் உண்மையான முஸ்லிம்கள் அதே நாட்டின் தோட்டங்களில் அடிமைகளாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். சில வருடம் கழித்து, 1807 இல், பூட்டா டோரோவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட உமர் இப்னு சஈத் என்ற ஆலிம் அதே வட கரோலைனாவில்தான் தன் வாழ்நாளைக் கழித்தார். 1831 இல் அவர் அரபியில் எழுதிய சுயசரிதை சூரா அல்-முல்க்கோடு தொடங்குகிறது. ஆட்சி யாருடைய கையில் இருக்கிறது என்று தொடங்கும் சூராவை ஓர் அடிமை தன் கதைக்கு முன்னுரையாக வைத்ததைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

218 வருடம் கழித்து அந்தக் கற்பனைப் பாத்திரம் உயிரோடு வந்தது. 2006 நவம்பரில் மினசோட்டாவிலிருந்து கீத் எலிசன் காங்கிரசுக்குத் தெரிவான முதல் முஸ்லிமானார். ஜனநாயகக் கட்சி. குர்ஆனில் கைவைத்துச் சத்தியம் செய்யப் போகிறார் என்றதும் வானொலியிலும் பத்திரிகைகளிலும் பெரும் கூச்சல் எழுந்தது. வேர்ஜினியாவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் வேர்ஜில் கூட், குடியேற்றச் சட்டத்தை இறுக்காவிட்டால் இன்னும் பல முஸ்லிம்கள் இப்படி வந்து குர்ஆனைக் கேட்பார்கள் என்று கடிதம் எழுதினார். எலிசனோ குடியேறி அல்ல. டிட்ரொயிட்டில் பிறந்து, மாணவனாக இருந்தபோது இஸ்லாத்தைத் தழுவிய கறுப்பினத்தவர்.

எலிசன் வாதம் எதுவும் பண்ணவில்லை. காங்கிரஸ் நூலகத்துக்குப் போய், மூன்றாவது ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சனுக்குச் சொந்தமாயிருந்த குர்ஆன் மொழிபெயர்ப்பைக் கேட்டு வாங்கி வந்தார். ஜோர்ஜ் சேலின் ஆங்கில மொழிபெயர்ப்பு அது. சட்டம் படித்துக்கொண்டிருந்த இளைஞராக ஜெபர்சன் அதை 1765 இல் விலைக்கு வாங்கியிருந்தார். ஜெபர்சன் வாழ்ந்த அல்பமார்ல் பகுதியே வேர்ஜில் கூட்டின் தொகுதிக்குள்தான் இருந்தது என்பது இதில் கூடுதல் சுவை. 2007 ஜனவரியில் அந்தப் புத்தகத்தின் மேல் கைவைத்து எலிசன் படம் எடுத்துக்கொண்டார். நான் அறிந்த அமெரிக்கக் கட்சிச் சண்டைகளில், ஒரு தரப்பு சத்தமே போடாமல் வென்ற மிகச் சில சந்தர்ப்பங்களில் இதுவொன்று.

அடுத்த வருடம் பராக் ஹுசைன் ஒபாமா போட்டியிட்டார். அவர் கிறிஸ்தவர். ஆனால் முஸ்லிம் என்ற வதந்தி மின்னஞ்சல்களில் ஓடியது. 2008 ஒக்டோபர் 10 இல், எதிர் வேட்பாளரான ஜோன் மெக்கெயினின் கூட்டத்தில் ஒரு பெண், ஒபாமாவை நம்ப முடியாது, அவர் ஓர் அரபி என்றார். மெக்கெயின் ஒலிவாங்கியை வாங்கி, இல்லை அம்மா, அவர் கண்ணியமான குடும்பஸ்தர், குடிமகன், எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு, அவ்வளவுதான் என்றார். சொந்தக் கட்சியினரே முணுமுணுக்கும் இடத்தில் இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். ஆனாலும் ஓர் அரபியாக இருப்பவர் கண்ணியமான குடும்பஸ்தராக இருக்க முடியாதா என்ற கேள்வி அந்தப் பதிலுக்குள் அப்படியே கிடந்தது.

அந்தக் கேள்வியை ஒன்பது நாளில் எடுத்தவர், ஜோர்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் முன்னாள் இராஜாங்கச் செயலாளரான கொலின் பவல். ஒபாமா முஸ்லிம் அல்ல என்பது சரியான பதில், ஆனால் உண்மையில் சரியான பதில் ‘முஸ்லிமாக இருந்தால்தான் என்ன?’ என்பதே என்று தொலைக்காட்சியில் சொன்னார். ஈராக்கில் மாண்ட இருபது வயது முஸ்லிம் படைவீரனின் கல்லறையில் தாய் தலைசாய்த்திருக்கும் படத்தைப் பற்றியும் சொன்னார். கல்லறையில் பிறையும் நட்சத்திரமும் பொறிக்கப்பட்டிருந்தன. ஈராக் யுத்தத்துக்கு ஐ.நா. சபையில் நியாயம் பேசியவரும் இதே பவல்தான் என்பதை நாம் மறக்கத் தேவையில்லை.

வதந்தி அடங்கியதா? பியூ ஆய்வு மையத்தின் கணக்கெடுப்பில் ஒபாமா முஸ்லிம் என்றவர்கள் 2009 மார்ச்சில் 11 வீதம், 2010 ஓகஸ்டில் 18 வீதம். அவரைப் பற்றிக் கூடுதலாகத் தெரியவரத் தெரியவரத் தவறான பதிலும் கூடியது. மேலே சொன்ன கைதட்டலை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பலருக்கு அது மார்க்கம் பற்றிய தகவல் அல்ல, ‘எனக்கு இந்த ஆளைப் பிடிக்காது’ என்பதற்கு இன்னொரு பெயர்.

அமெரிக்க முஸ்லிம்கள் இந்தக் குலச்சண்டையில் எங்கே நிற்பது? 2000 ஆம் ஆண்டுத் தேர்தல் விவாதத்தில் ஜோர்ஜ் டபிள்யூ. புஷ், அரபு அமெரிக்கர்களுக்கு எதிராக இரகசியச் சாட்சியம் பாவிக்கப்படுவதைக் கண்டித்தார். அந்த மாதமே பிரதான முஸ்லிம் அமைப்புகளின் கூட்டுக்குழு அவருக்கு வாக்களிக்கும்படி கேட்டது. கறுப்பின முஸ்லிம்களில் பலருக்கு இதில் உடன்பாடில்லை. புஷ் புளோரிடாவில் வென்றது வெறும் 537 வாக்குகளால். ஒரு வருடத்துக்குள் செப்டம்பர் 11 நடந்தது, தேசாபிமானச் சட்டம் வந்தது, பிறகு ஈராக். முஸ்லிம் வாக்கு பெருமளவில் மற்றப் பக்கம் போனது. 2015 டிசம்பரில் டொனால்ட் ட்ரம்ப் முஸ்லிம்கள் நாட்டுக்குள் வருவதையே முற்றாக நிறுத்த வேண்டும் என்றார். 2017 ஜனவரி 27 இல் யெமன், சோமாலியா, சிரியா உள்ளிட்ட ஏழு நாட்டவர்களுக்குத் தடை போட்டார். அதற்குப் பிறகு முஸ்லிம் என்றால் ஜனநாயகக் கட்சி என்பது எழுதாத சட்டமானது.

காஸா அதை உடைத்தது. 2024 பெப்ரவரியில் மிச்சிகனில் நடந்த ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் பைடனுக்கு வாக்களிக்காமல் ‘எவருக்கும் இல்லை’ என்ற கட்டத்தில் அடையாளமிட்டார்கள். நகரசபை முழுவதும் முஸ்லிம்களாக இருந்த ஹம்டிராம்க்கின் அப்போதைய மேயர் அமர் காலிப் செப்டம்பரில் ட்ரம்பை ஆதரித்தார். அவர் யெமனில் பிறந்தவர். யெமன் தடைப்பட்டியலில் இருந்தது அவருக்குத் தெரியாதா? தெரியும். 2023 இல் அந்த நகரசபை பொதுக் கட்டடங்களில் வானவில் கொடிக்குத் தடை விதித்ததிலிருந்தே அவர்களுக்கும் ஜனநாயகக் கட்சிக்காரருக்கும் கொழுவல் தொடங்கியிருந்தது. வெளிநாட்டுக் கொள்கை, குடும்ப ஒழுக்கம், குடியேற்றம் என்று ஒவ்வொரு விடயத்திலும் வெவ்வேறு பக்கம் நிற்கும் மனிதர்களுக்கு அந்த நாட்டில் இருப்பது இரண்டு குடும்பங்கள் மட்டுமே.

தேர்தலன்று டியர்போர்ன் நகரில் ட்ரம்புக்கு 42 வீதமளவில் கிடைத்தது. கமலா ஹரிஸுக்கு 36, பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்கு 18. நான்கு வருடத்துக்கு முன் அதே நகரில் பைடன் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் எடுத்திருந்தார். முடிவு வந்த இரவிலிருந்தே ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் சிலர், நேற்றுவரை தாம் பாதுகாப்பதாகச் சொன்ன ஆக்களைப் பார்த்து, ‘வந்ததை அனுபவியுங்கள்’ என்று எழுதத் தொடங்கினார்கள். ட்ரம்ப் மிச்சிகனை வென்றது 80,000 அளவான வாக்குகளால். ஒரு வாக்குக் கூட எடுத்தாலும் மாநிலத்தின் 15 தேர்வாளர் வாக்குகளும் ஒருவருக்கே போகும் என்பது அங்குள்ள ஏற்பாடு. ஸ்டைனுக்கு டியர்போர்ன் கொடுத்த 18 வீதமும் அந்தப் பதினைந்தில் ஒன்றையேனும் அவருக்குப் பெற்றுத் தரவில்லை.